தஸ்பீஹ் மணிக்குள் ஒரு பூச்சி

6 மார்ச் 1932, ஞாயிறு
அண்ணன் மகள் சலேஹா வந்தாள். கைக்குட்டையில் என் தகப்பனார், எங்கள் அத்தாவின் தஸ்பீஹ் மணிகள், அறுந்த நூலோடு. ஹஜ்ஜுக்குப் போனபோது அத்தா ஜித்தாவில் வாங்கிய விலையுயர்ந்த அம்பர். ஒரு மணிக்குள் மட்டும் பூச்சி.

"எங்க அத்தாவுக்குத் தெரியாது சாச்சா. கோத்துத் தாங்க. இதைச் சாக்கா வச்சாவது அவங்ககிட்ட பேசுங்க லா."

பேசுவதா? எங்கள் அத்தா இறந்த நாற்பதாம் நாள் பாத்திஹாவில் அந்தப் பூச்சி மணியைத் தேய்த்து முகர்ந்தேன். டாமார் என்கிற மலிவான மரப்பிசின் வாடை. அசலை விற்றுவிட்டு அண்ணன் போலியை வைத்துவிட்டான் என்று கூட்டத்திலேயே சொன்னேன். அவன் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. இப்போது சாட்சி என் கையில்.

7 மார்ச்
பள்ளிக்கூடத்து லென்ஸில் பார்த்தேன். தலைமை ஆசிரியர் பதவியைத்தான் தரவில்லை, லென்ஸாவது தந்தார்களே. அரை நெல்லளவு உடம்பு. காலில் மயிர்கூடத் தெரிகிறது. அசல் அம்பர் என்றால், மனிதன் பிறக்குமுன்பே மரப்பிசினில் சிக்கிய பூச்சியாம். நூலகப் புத்தகம் சொல்கிறது. கடைசியாக எதைப் பார்த்தாய் நீ? ஸ்பிரிட் பட்டால் அம்பர் அசையாது, டாமார் போன்ற இளம் பிசின் ஒட்டும் என்றும் இருக்கிறது.

8 மார்ச்
ஸ்பிரிட் வாங்கிவிட்டேன். தொழுகை மணியில் சாராயமா? கை வரவில்லை.

10 மார்ச்
ஒரு சொட்டு. விரல் ஒட்டியது. டாமார்தான்! வாய்விட்டுச் சிரித்தேன்.

பிறகு மறுபடி லென்ஸ். இடது இறக்கை மடிந்திருக்கிறது. வாயருகே ஒரு குமிழி —

ஏழு வயதில் அத்தா மடியில் உட்கார்ந்து, "பூச்சி ஊதுது அத்தா" என்று காட்டினேனே, அதே குமிழி. அத்தா கொண்டுவந்த மணியேதான் இது. அப்படியென்றால் யார் எதை மாத்துனது? ஒருத்தரும் மாத்தலையே!

11 மார்ச், வெள்ளி
ஜும்மா தொழுகை முடிந்து, பள்ளிவாசலுக்கு எதிரே அண்ணன் சாப்பாட்டுக் கடைக்குப் போனேன்.

"என்ன வாத்தியாரே, வழி தெரிஞ்சிச்சா?"

சாப்பிடுகிறவர்கள் காதிலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்: "நீ மணிய மாத்தலண்ணே. அத்தா வாங்குனதே —"

"மெதுவாடா! ஜித்தாவுல ஏமாந்துட்டேன், யாருகிட்டயும் சொல்லாதேன்னு அத்தாவே எங்கிட்ட சொன்னாங்க. என்னையத் திருடன்னு சொல்லிட்டுப் போவட்டும். ஹாஜியாரை ஏமாளின்னு சொல்லிரக் கூடாதுல்ல."

சோறு போட்டான். தின்றேன்.

13 மார்ச்
கோத்துக் கொடுத்தேன். லென்ஸையும் கொண்டுபோயிருந்தேன். அண்ணன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"காலு அஞ்சுதான்டா இருக்கு."

இல்லை, ஆறு. ஒன்று வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கிறது. நாளை பள்ளி விட்டதும் போய்க் காட்டவேண்டும்.