கிளாரினெட்டுக்கு ஒரு படி கீழே

மார்ச் 1, ஞாயிறு

பேத்தி வந்தாள். மதியமே விடுதிக்குத் திரும்பிவிட்டாள்.

அவள் இங்கே விட்டுப்போன கீபோர்டில் ஆறு மாதமாக விரலை ஒடித்துக்கொண்டதெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான். அவளுடைய கிளாரினெட் தாளையே நகல் எடுத்து, புள்ளி புள்ளியாகப் படித்து வைத்திருந்தேன். சேர்ந்து வாசிக்கலாம் என்று உட்கார்ந்தோம். முதல் சுரத்திலேயே சண்டை. இரண்டு பேரும் ஒரே தாளைப் பார்த்துத்தான் வாசிக்கிறோம், ஆனால் கேட்கச் சகிக்கவில்லை. ஏன்டி இப்படி என்றேன்.

"ரெண்டுக்கும் ஸ்கேல் வேற பாட்டி. சொன்னா புரியாது, விடு."

கிளாரினெட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

மார்ச் 2

புரியாதாம். சொல்லிப் பார்த்தாளா?

மார்ச் 5, வியாழன்

நூலக மாடியில் கீபோர்டு வகுப்பு. என்னோடு சேர்த்து ஐந்து கிழங்கள். வாத்தியாரம்மாவிடம், ஸ்கேல் என்றால் என்ன, அடியிலிருந்து சொல்லுங்கள் என்றேன். பலகையில் கடிகாரம் போல ஒரு வட்டம் போட்டார். உச்சியில் சி என்ற சுரம். அதற்கு ஒரு கறுப்புக் கட்டையும் வேண்டாம். வலப்பக்கம் ஐந்தாவது எழுத்துக்குப் போனால் ஒரு ஷார்ப், அதாவது ஒரு சுரம் அரைப்படி ஏறும்; அங்கிருந்து இன்னொரு ஐந்து போனால் இரண்டு. இடப்பக்கம் போனால் இதேபோல ஃபிளாட் கூடும், அதாவது சுரங்கள் அரைப்படி இறங்கும். ஒவ்வொரு தாளின் தொடக்கத்திலும் இருக்கும் குறிகள் நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லும் விலாசம் என்றார்.

நான் இத்தனை நாளாக வகுப்புத் தாள்களில் அவற்றை அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன்.

முழு வட்டத்தையும் வீட்டில் போட்டு வரச் சொன்னார். ஐந்தாம் வகுப்பு படித்தவளுக்கு ஐந்து எண்ணத் தெரியாதா?

மார்ச் 8, ஞாயிறு

பேத்தி வரவில்லை. பரீட்சையாம். தொலைக்காட்சியை ஓட விட்டு வட்டம் போட்டேன். என் வட்டம் ஏழே வீட்டில் சியில் வந்து முடிந்துவிட்டது! கறுப்புக் கட்டையே தேவைப்படவில்லை. பன்னிரண்டு வீடு என்று வாத்தியாரம்மா ஏன் வீணாக இழுத்தடிக்கிறார்?

மார்ச் 12, வியாழன்

மானம் போயிற்று.

என் வட்டத்தை எல்லோர் முன்னாலும் பெருமையாக நீட்டினேன். எங்கள் ஐவரில் ஒருவரான பழைய பேங்க் மேனேஜர், "அம்மா புது சங்கீதமே கண்டுபிடிச்சுட்டாங்க" என்று சிரித்தார். வாத்தியாரம்மா சிரிக்கவில்லை. என் விரலைப் பிடித்து சியில் வைத்தார். "இது ஒண்ணு. நிக்கற இடத்தையும் சேர்த்து எண்ணணும்மா." சி, டி, இ, எஃப், ஜி. ஐந்தாவது ஜி. நான் சியை விட்டுவிட்டு டியிலிருந்து எண்ணியிருக்கிறேன். ஏ வந்தது.

பேருந்தில் வரும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரிடம் சொல்வது? பேத்தியிடமா? நல்லா சொன்ன போ.

மார்ச் 14

மறுபடி போட்டேன். ஜிக்கு எஃப் ஷார்ப். டிக்கு எஃப்பும் சியும். பழைய ஷார்ப் போவதில்லை, புதிது ஒன்று வந்து சேர்கிறது. நம் வீட்டில்தான் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டு வந்தோம்.

மார்ச் 19, வியாழன்

கடைசியில் கேட்டே விட்டேன், கிளாரினெட் ஏன் என்னோடு ஒட்டமாட்டேன் என்கிறது என்று. அதில் சி என்று ஊதினால் வெளியே கேட்பது பி ஃபிளாட்டாம். பிறவிக் குணமாம். மாற்ற முடியாது.

"அப்ப யாரு மாறணும்?"

"நீங்கதாம்மா."

மருமகளாக வந்த நாள் முதல் பழகிய வேலைதானே என்றேன். மேனேஜர்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

பேத்தியின் தாளில் குறியே இல்லை, அது சி வீடு. சியிலிருந்து இடப்பக்கம் ஒரு வீடு எஃப். அதற்கு அடுத்தது பி ஃபிளாட். விலாசத்தில் இரண்டு ஃபிளாட்: பி, இ. தாளில் இருக்கும் ஒவ்வொரு சுரத்தையும் ஒரு எழுத்து கீழே இறக்க வேண்டும். பியும் இயும் வரும் இடத்தில் மட்டும் கறுப்பு. இவ்வளவுதானா? இதைத்தான் சொன்னால் புரியாது என்றாளா?

மார்ச் 20

இவ்வளவுதான் இல்லை. கண் ஒன்றைப் பார்க்கிறது, கை வேறொன்றை அழுத்த வேண்டும். நாலு வரிக்குள் தலை சுற்றுகிறது.

மார்ச் 29, ஞாயிறு

வரவில்லை. போனில், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றாள். இரண்டு ஃபிளாட் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் தோழிகளின் சத்தம். வைத்துவிட்டேன்.

இரண்டு பேருக்கு வடித்த சோறு. ராத்திரிக்கும் அதுதான்.

ஏப்ரல் 2

முழுசாக வந்துவிட்டது. தப்பே இல்லை. கேட்க ஒரு ஆள் இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

வந்தாள். ஊதுடி என்றேன். "மறுபடியுமா பாட்டி?" என்று சலித்துக்கொண்டே கிளாரினெட் துண்டுகளைப் பொருத்தினாள்.

முதல் சுரம் ஒன்றாக விழுந்தது. குழலை வாயிலிருந்து எடுக்காமலே என் கையைப் பார்த்தாள். இரண்டாம் வரி முடியும்போது அவள் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள்.

நான் நிறுத்தவில்லை. அவள் வருவாளா என்று திரும்பிப் பார்த்தால் வரி தப்பிவிடும். அவளுடைய பேச்சும் சிரிப்பும் வாசலில் கேட்டுக்கொண்டே இருந்தன. மூன்றாம் வரி, நான்காம் வரி.

பிறகு பேச்சு நின்றது. நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு தாளுக்குள் குனிந்தாள்.

"பாட்டி, எந்த வரியில இருக்க?"

கை ஒழியவில்லை. முகவாய்க்கட்டையால் காட்டினேன்.