பதுளைக்குப் போன பிள்ளைச்சட்டை

என் அன்பான அம்மாவுக்கு,

நீங்கள் கண்மூடி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்து இன்றைக்குத்தான் வீடு அடங்கியிருக்கிறது. அக்கா காலை ரயிலில் பதுளைக்குப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் ஒன்று கேட்டுவிட்டுப் போனாள். என்ன கேட்டாள் என்பதைச் சொல்வதற்கு முதல், உங்களிடம் ஒரு நாளும் சொல்லாத என் பொறாமையைச் சொல்லவேண்டும்.

தெல்லிப்பழையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் பரவிய வருஷம் உங்களுக்கு மறந்திராது. தலைப்பிள்ளைப் பேற்றுக்கு அக்கா நம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். நோய் கிடக்கிற ஊருக்கு அவளை அனுப்பமாட்டேன் என்று அத்தான் தந்தி அடித்துவிட்டார். நீங்களாவது பதுளைக்குப் போகலாம் என்று வெளிக்கிட்ட நேரம் நான் காய்ச்சலில் விழுந்தேன். பெண்பிள்ளை பிறந்த செய்தி வந்தபோது அடுக்களைக்குள் போய் அழுதீர்கள். பிறகு அலுமாரியைத் திறந்து வெள்ளைப் பருத்தித் துணியை எடுத்தீர்கள்.

காய்ச்சல் வீட்டிலிருந்து பச்சைப்பிள்ளைக்கு உடுப்புப் போவதென்றால் கவனம் வேண்டும் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு நீங்கள் பட்ட பாடு! தைக்க இருப்பதற்கு முன் கிணற்றடியில் குளித்தீர்கள், வேறு சீலை உடுத்தீர்கள், எங்கள் ஐயாவின் வேட்டியில் கிழித்த துண்டால் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டினீர்கள். நூல்முனையை உதட்டில் நனைத்து ஊசியில் கோர்ப்பதுதான் உங்கள் பழக்கம். அந்த முறை கிண்ணத்துத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு, கோர்க்க முடியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இருந்தீர்கள்.

தைத்த சட்டையைக் கொதிநீரில் அவித்தபோது கழுத்தில் பின்னிய சிவப்புப் பூ சாயம் விட்டது. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி அத்தனை பூவையும் பிரித்து, வெள்ளை நூலில் மறுபடி பின்னினீர்கள். திரும்பவும் அவித்தல், வெயில், சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப்பெட்டியால் அழுத்தல். தபால் முத்திரையைக்கூட நாக்கில் வைக்காமல் ஈரத்துணியில் ஒற்றினீர்கள்.

இவ்வளவும் யாருக்குப் பயந்து? வேறு யாருக்கு, எனக்குத்தான்.

பார்சல் கட்டுவதற்கு முன், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று கையை நீட்டினேன். நீங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"தொடாதை பிள்ளை. நான் இஞ்சை நிண்டு காட்டிறன், அங்கை இருந்தே பார்."

உள்ளங்கை அளவில் ஒரு சட்டை. அவ்வளவு அழகாக நீங்கள் எனக்கு ஒன்றும் தைத்ததில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். எனக்குக் கஞ்சி பருக்கி, தலையை மடியில் வைத்துத் தடவிவிட்டு நீங்கள் எழும்பிப் போனால், அடுத்ததாகக் கிணற்றடியில் சவுக்காரம் தேய்க்கிற சத்தம் கேட்கும். என்னைத்தானே கழுவுகிறீர்கள் என்று எனக்குத் தோன்றும். அந்தச் சத்தம் உங்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் அம்மா?

காய்ச்சல் போனது, பொறாமை போகவில்லை. நான்தான் உங்களோடு கடைசிவரை இருந்தேன். ஆனால் ஊரில் யார் வந்தாலும் நீங்கள் கதைத்தது பதுளைப் பேத்தியைப் பற்றித்தானே?

அந்தியேட்டி அன்று அக்கா தன் பெட்டியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். வெள்ளை பழுத்துப்போய் இருந்தது. பெண்கள் கையில் வாங்கி வாங்கி அழுதார்கள். ஆட்கள் போனபிறகு, நீ குடுத்துவைத்தவள் என்று அக்காவிடம் கொஞ்சம் குத்தலாகவே சொன்னேன். அவள் சட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள்.

"பார்சல் வந்தவுடனை அறைக்குள்ளை போய் முகத்திலை வைச்சுப் பாத்தனான். அம்மாவின்ரை மணம் கொஞ்சமும் இல்லையடி. சவுக்காரமும் வெயிலும்தான் மணந்தது. பிள்ளை பெத்த உடம்போடை நான் அங்கை தனிய. நீ இஞ்சை அவவின்ரை மடியிலை கிடக்கிறாய் எண்டு நினைக்க, உன்னிலை எரிச்சல் எரிச்சலாய் வந்துது."

"என்னிலையோ?"

"ஓம். இண்டைக்கும் இருக்கு."

அம்மா, அதைக் கேட்டு எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வந்ததுதான். அதற்கு முதல் வந்தது சந்தோஷம். என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்பட்டிருக்கிறாள் என்ற சந்தோஷம். அன்று இரவு இரண்டுபேரும் ஒரே பாயில் படுத்தோம்.

இன்று காலை ஸ்டேஷனில்தான் அக்கா கேட்டாள்.

"அம்மா உடுத்தி, தோய்க்காமல் கிடக்கிற சீலை ஏதும் இருந்தால் ஒண்டு தாறியே?"

உங்கள் உடுப்பெல்லாம் தோய்த்து ஆட்களுக்குக் கொடுத்தாயிற்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தோய்க்காத சீலை இரண்டை நான் ஒளித்து வைத்திருப்பது யாருக்கும் தெரியாது. தேடிப் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். ரயில் போனபிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

திங்கட்கிழமை தபாற்கந்தோருக்குப் போவேன், அம்மா. அந்த இரண்டில் பச்சைக்கரைச் சீலையைத் தோய்க்காமல், வெயிலில் போடாமல், உதறாமல், அப்படியே மடித்து அக்காவுக்கு அனுப்புவேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

மற்றது நீங்கள் கடைசியாக உடுத்தியிருந்தது. அதை அவளுக்குக் கொடுக்கமாட்டேன்.

உங்களோடு கூடவே இருந்த,
உங்கள் இளைய மகள்