இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்

12.2.1979, திங்கள்

பக்கத்து வீட்டை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். மலைச்சாமி அண்ணன் காங்கிரீட்டில் மாடி கட்டப்போகிறார். எங்கள் சந்தில் எல்லாம் ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு சுவர், இரண்டு குடும்பம். முகப்பில் சுதையால் செய்த பூங்கொடி சந்துக்கோடிவரை ஒரே கொடியாக ஓடும். இன்று நடுவில் ஒரு வீட்டளவு கொத்தி எடுத்துவிட்டார்கள். முன்பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

ஒவ்வொரு அடிக்கும் பாப்பா தொட்டிலில் திடுக்கிட்டு அழுகிறாள்.

15.2.1979

தொட்டிலுக்குள் சுண்ணாம்புத் தூள். இவரிடம் காட்டினேன். அம்புட்டுப் பழைய சுவர், கொட்டத்தான் செய்யும் என்றார். தொட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். பயந்தாங்கொள்ளியாம் நான். இருக்கட்டும்.

18.2.1979, ஞாயிறு

தெருவில் நின்று பார்த்தேன். அவர்கள் கூரை போனதால் எங்கள் சுவரின் மறுபக்கம் வெட்டவெளியில் நிற்கிறது — பச்சை டிஸ்டெம்பர், உத்திரங்களை உருவிய குழிகள், சாமி மாடத்தில் விளக்குக் கரி. தினமும் தலைமாட்டில் இருக்கும் சுவருக்கு இப்படியொரு முகம் இருப்பதை நினைத்ததே இல்லை. அண்ணன் மனைவி முத்துத்தாய் அக்கா, "ஊரே என் வீட்டுக்குள்ள பாக்குது" என்று சிரித்தார்.

அப்போதுதான் கவனித்தேன். அந்த மாடம் எங்கள் சுவர் அலமாரிக்கு நேர் பின்னால். பால் பவுடர் டின்கள் வைக்க இவர் போன வருடம் ஆள் விட்டுக் குடைந்த அலமாரி. அவர்களும் அவர்கள் பக்கம் குடைந்திருக்கிறார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. நடுவில் மிச்சம் எவ்வளவு? புதுத் தளத்தையும் இதே சுவரில்தான் ஏற்றப்போகிறார்களாம்.

20.2.1979

இவர் போய்ச் சொல்லமாட்டாராம். அண்ணன் கோபித்துக்கொண்டால் பேச்சு நின்றுவிடுமாம். நிற்கட்டுமே. சுவர் நிற்கவேண்டாமா?

நானே போனேன். வேலையாட்கள் முன்னால் அண்ணன் கேட்டார், "காலேஜுல கொத்து வேலையா படிச்ச, தாயி?" எல்லாரும் சிரித்தார்கள்.

"இல்லண்ணே, வரலாறு. எங்க வீட்டுக்குள்ள வந்து பாத்துட்டு அப்புறம் சிரிங்க."

வந்தார். டின்களை எடுத்துக் கீழே வைத்தேன். அலமாரிக்குள் உள்ளங்கையை அழுத்திக்கொண்டு, மறுபக்கம் நின்ற அக்காவை மாடத்தில் தட்டச் சொன்னார். அக்கா மெதுவாகத்தான் தட்டினார். அண்ணன் கையை எடுக்கவில்லை.

"அசையுதும்மா."

21.2.1979

அலமாரி, மாடம் இரண்டையும் செங்கல் வைத்து அடைக்கிறார்கள். அண்ணன் தன் இடத்திலேயே தனிச்சுவர் எழுப்பித் தளத்தை அதில் ஏற்றிக்கொள்கிறாராம். அவர்கள் அறை முக்கால் அடி குறையும். "ஒன்னாலதான் என் கட்டில் உள்ள போகாது" என்று சொல்லிவிட்டுப் போனார் அக்கா. கேலியா, கோபமா — தெரியவில்லை. இவர் டின்களை அடுக்க ஒரு பலகை வாங்கி வந்தார்.

6.5.1979, ஞாயிறு

பக்கத்தில் தளம் போட்டாயிற்று. உள்ளறையில் பாப்பா அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்து நின்றாள். ஒரு கையை எடுத்தாள். நான் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை.