பத்துக் கோப்பையில் இரண்டு நீலம்

8.10.2007, திங்கள்
கம்பெனியில் கழித்துப் போட்ட பீங்கான் கோப்பைகளில் பத்து கேட்டு வாங்கி வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் நீலப் பெயிண்ட் அடித்தேன். மறுபக்கம் வெள்ளை.

அவர் போய் ஒரு வருசம் ஆகப்போகிறது. அன்றைக்கு ரேடியோவில், ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும் என்றார்கள். "ஓரிரு எடம்னா நம்ம எடம் இல்ல அமிர்தம்" என்று சிரித்துவிட்டுக் களிமண் பள்ளத்தில் இறங்கினார். மழையில் கரை சரிந்தது. ரேடியோ சொல்கிற 'ஓரிரு'வை இங்கே எல்லாரும் அப்படித்தான் கேட்கிறோம். நானும்தான் — போயிட்டு வாங்கன்னு அனுப்பினேனே.

9.10.2007
பள்ளத்துக்குப் போகிற வழியில், சுவர்மேல் வரிசையாக வைத்தேன். நீலம் என்றால் மழை. ரேடியோவில் ஓரிரு இடம் என்றால் பத்தில் இரண்டு நீலம் முன்னால், மீதி வெள்ளை. சில இடம், நாலு. பல இடம், ஆறு. படிக்காதவர்களுக்கும் தெரியும்.

12.10.2007
ஆறு நீலம் வைத்தேன். சொட்டு விழவில்லை. மேஸ்திரி தங்கதுரை, "அண்ணி, அதுல டீயாவது ஊத்தி வையிங்க, குடிச்சிட்டுப் போறோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நாலு வெள்ளையும் இருந்துச்சே, அத ஏன் ஒருத்தரும் பாக்கல?

13.10.2007
வைக்கலாமா, வேண்டாமா. வைத்தேன்.

23.10.2007
இரண்டு நீலம். பதினோரு பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.

"ரெண்டுதான அண்ணி, எறங்கலாம்ல?" என்றான் தங்கதுரை.

"ஒங்க அண்ணன் எறங்குன அன்னிக்கும் ரெண்டுதான்டா."

அவன் கோப்பைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ஆட்களிடம், "மேல குமிச்ச மண்ண லாரியில ஏத்துங்க. எறங்கறத நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றான்.

மூன்று மணிக்குக் கொட்டியது. கிழக்குக் கரை அப்படியே உள்ளே விழுந்தது. எல்லாரும் மேலே நின்று பார்த்தார்கள். நான் தலையை எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். பதினொண்ணு. பதினொண்ணு.

24.10.2007
தங்கதுரை வூட்டுக்கே வந்துவிட்டான். "மங்கலம்பேட்டைப் பக்கம் பள்ளத்துலயும் வைக்கணும்ங்கிறாங்க. இன்னொரு பத்து வேணும் அண்ணி. நீங்களே வந்து வெளக்கிச் சொல்லணும்."

அஞ்சாவதோட நின்னவ நான். சரி என்று சொல்லிவிட்டேன்.

26.10.2007
கம்பெனியில் ஒன்பதுதான் கிடைத்தது. அலமாரியில் அவர் டீ குடிக்கிற கோப்பை ஒரு வருசமாகக் கவிழ்ந்தே இருந்தது. எடுத்துக் கழுவினேன். ஒரு பக்கம் நீலம் அடித்து வெயிலில் வைத்திருக்கிறேன். காய்ந்ததும் மங்கலம்பேட்டை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.