இருபத்தாறு வாசல்கள்

சசெபோ
14 நவம்பர் 1933

அன்புள்ள எய்சாகு,

கவிழ்ந்த இசோசிகி டார்பிடோ படகின் சுக்கான் நேராகத்தான் இருந்திருக்கிறது. தண்ணீர் வடித்த பழுதுத் துறையில் இறங்கிய மேஸ்திரி நேற்று மாலை பார்த்துச் சொன்னார். இன்று காலை துறைமுகச் செய்தி அதிகாரி உறுதி செய்தார். இறந்தவர்கள் நாற்பத்தொரு பேர், கேப்டன் ஹோரியேயையும் சேர்த்து.

ஒன்பதாம் தேதி தொலைபேசியில் நீ சொன்னதை அப்படியே குறித்து வைத்திருக்கிறேன். "கேப்டன் அவசரப்பட்டுத் திருப்பிட்டான்டா. அலையில திருப்பினா எந்தப் படகுதான் நிக்கும்?" மறுநாள் அது எங்கள் பத்திரிகையில், 'தலைநகர வட்டாரம் கூறுகிறது' என்று முதல் பக்கத்தில் வந்தது. முப்பத்தொரு வருடத் தொழிலில், இரண்டாவது ஆளிடம் விசாரிக்காமல் நான் அச்சுக்குக் கொடுத்த ஒரே வரி அது. சொன்னவன் நீ என்பதால் கொடுத்தேன்.

அந்த வரியின் விளைவு உனக்குத் தெரிய வேண்டும். கேப்டனைத் தவிர, இறந்தவர்களில் இந்த ஊரில் குடும்பம் உள்ளவர்கள் இருபத்தாறு பேர். கேப்டனின் மனைவி சுமி, கணவன் செய்த குற்றத்துக்காக ஒவ்வொரு வீடாகப் போய் வாசலில் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறார். நேற்று ஒன்பதாவது வீடு. நான் தெருமுனையில் நின்றேன். கதவைத் திறந்த கிழவி, "எம்புள்ளைய முழுகடிச்சவனோட பொண்டாட்டிதானே நீ? இன்னும் பத்து தடவை குனி, அவன் எந்திரிச்சு வந்துடுவானா பாப்போம்" என்றாள். சுமி மறுபடி குனிந்தார்.

சுக்கான் நேராக இருந்தால் படகு ஏன் கவிழ்ந்தது? வடிவமைப்புப் பிரிவில் அந்தப் படகின் கணக்கைப் போட்டவன் நீ. சொல்.

உன்,
குவாபாரா


டோக்கியோ
19 நவம்பர் 1933

அன்புள்ள குவாபாரா,

உன் கடிதத்தில் என் மூட்டுவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முப்பது வருடத்தில் இதுதான் முதல் முறை. பரவாயில்லை, நான் அதற்குத் தகுதியானவன்தான்.

வல்லரசுகளோடு நாம் போட்ட கடற்படை உடன்படிக்கை அறுநூறு டன்னுக்கு மேற்பட்ட போர்க்கப்பல்களைத்தான் எண்ணுகிறது. அதற்குக் கீழே எத்தனை கட்டினாலும் யாரும் கேட்க முடியாது. அதனால் அறுநூறு டன் படகில் ஆயிரம் டன் கப்பலின் பீரங்கிகளை ஏற்றச் சொன்னார்கள். ஒவ்வொரு வாரமும் மேல்தளத்தில் ஏதாவது ஒன்று கூடியது. ஒருநாள் எங்கள் பிரிவுத் தலைவர் என்னைப் பார்த்து, "மிஷினா, கோயில் மணி ஒண்ணுதான் பாக்கி. அதையும் தொங்க விட்டுடலாமா?" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எரிபொருள் எண்ணெய் படகின் அடியில் இருக்கிறது. தொட்டி நிறைந்திருந்தால் படகு நிமிர்ந்து நிற்கும். எண்ணெய் தீரத் தீர, தலையில் மூட்டை சுமப்பவனின் காலில் பலம் குறைவது போல ஆகிவிடும். உடன்படிக்கைக் கணக்கில் எண்ணெயின் எடை சேராது. அந்தப் பழக்கத்தில், எண்ணெய் தீர்ந்த படகைப் பற்றி எங்களிடம் யாரும் கேட்பதில்லை. ஆனாலும் நான் இரண்டு அட்டவணைகள் போட்டேன். தொட்டி நிறைந்த கணக்கு நன்றாக வந்தது. காலித் தொட்டிக் கணக்கில், பக்கவாட்டில் நல்ல அலை ஒன்று அடித்தாலே போதும், படகு கவிழ்ந்துவிடும். சுக்கானைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் போனேன். "யாராவது கேட்டாங்களாய்யா? கேக்காத கேள்விக்கு ஏன் பதில் தூக்கிட்டு வர்றே?" என்றார். முதல் அட்டவணையில் முத்திரை குத்தினேன். இரண்டாவது என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

படகு மூன்று நாள் ரோந்து முடித்துத் திரும்பும்போது கவிழ்ந்தது என்று தந்தி வந்தபோதே, தொட்டி காலியாகியிருக்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உனக்குத் தொலைபேசி செய்தேன். இறந்தவன் மறுக்க மாட்டான் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் என் மகளின் நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கடற்படைக் குடும்பம். படித்ததும் இதை எரித்துவிடு.

உன்,
எய்சாகு


சசெபோ
25 நவம்பர் 1933

எய்சாகு,

உன் கடிதத்தை எரிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை. இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். செய்தி சொன்னவனைக் காட்டிக் கொடுக்காதது என் தொழிலின் நேர்மை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். இந்த முறை அதன் பின்னால் நானும் ஒளிந்துகொண்டிருக்கிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது.

நேற்று ஹோரியே வீட்டுக்குப் போனேன். அந்த வரியை எழுதியவன் நான், அது தவறு, சுக்கான் நேராக இருந்தது என்றேன். எனக்குத் தலை நிமிரவில்லை. சுமி தேநீர் கொண்டு வந்து வைத்தார்.

"சொன்னது யாருங்க?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா."

"அப்போ உங்களுக்குத் தெரியும்."

இன்னும் ஏழு வீடுகள்தானே, இனி போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

"திருப்பலைன்னு நீங்க சொல்றீங்க. ஏன் கவுந்துச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்வேன்? பதில் இல்லாம பாதியில நின்னா, தப்பிச்சு ஓடிட்டான்னு அவரைத்தானே பேசுவாங்க. போயிட்டு வந்துடறேங்க. முட்டிதானே, ஆறிடும்."

வாசல்வரை வந்து எனக்கும் குனிந்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இனி எனக்கு எழுதாதே. எழுதுவதானால், படகு கவிழ்ந்ததை ஆராயும் கடற்படை விசாரணைக் குழுவுக்கு எழுது.

சுக்கான் நேராக இருந்தது என்ற திருத்தம் நாளைக் காலைப் பதிப்பில், என் பெயருடன் வருகிறது. கவிழ்ந்த காரணம் அதில் இருக்காது. சுமியின் கடைசி வீடு டிசம்பர் 2, சனிக்கிழமை. குழு டிசம்பர் 4, திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கூடுகிறது. சாட்சிப் பட்டியல் 1ஆம் தேதி மாலை மூடப்படும். இன்று மதியம் துறைமுக அலுவலகத்தில் கேட்டேன். அதில் இதுவரை உன் பெயர் இல்லை.

குவாபாரா