கட்டிக்கொடுத்த பெண்களின் நிலம்

நேற்று உங்கள் கடையின் ஷட்டரைத் திறந்தார்கள், அக்கா. நீங்கள் போன பிறகு மாதக்கணக்கில் பூட்டியே கிடந்த கடை. மொபைல் ரிப்பேர் செய்பவர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருக்கிறார். ஷட்டர் மேலே போனதும் உள்ளேயிருந்து புளித்த மாவு வாசனை வந்தது. கிரைண்டர் இல்லை, தூக்குகள் இல்லை, சுவருக்குக்கூட ஒருமுறை வெள்ளை அடித்துவிட்டார்கள். அப்படியும் அந்த வாசனை எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. உள்ளே போய் சுவரை மோந்து பார்த்தேன். பிறகு குனிந்து தரையை. புது ஆள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நீங்கள் இருந்திருந்தால், "அவங்க அப்படித்தாங்க, விட்டுடுங்க" என்று அவரைச் சமாதானப்படுத்தியிருப்பீர்கள்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கும் உங்கள் மாவுக் கடைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். உங்கள் வீட்டுக்காரர் இறந்த பிறகு அந்தக் கடையைப் போட்டீர்கள். நான் இங்கேயே பிறந்தவள். தாத்தாவோ அவருடைய அப்பாவோ கன்டோன்மென்டில் வேலைக்கு வந்ததாகச் சொல்வார்கள். எந்த ஊரிலிருந்து என்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. அதனாலேயோ என்னவோ, தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் யார் கிடைத்தாலும் அவருடைய ஊரைப் பற்றித் தோண்டித் தோண்டிக் கேட்பது என் வழக்கம். நீங்கள் அதிகம் சொல்லவில்லை. கடலூர்ப் பக்கம், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, முந்திரித் தோப்பு. அவ்வளவுதான். ஊர் ஏக்கம் இல்லையா என்று கேட்டேன்.

"எதுக்கு ஏக்கம்? முந்திரிக்கொட்ட ஒடச்சி ஒடச்சி பால் பட்டு கையெல்லாம் வெந்துபோன ஊரு. இங்க மாவுல கைய வெச்சா குளுகுளுன்னு இருக்குது" என்றீர்கள்.

அதனால்தான் அதற்குப் பிறகு நீங்கள் செய்ததெல்லாம் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது.

ஒரு நாள் காலை காரில் இரண்டு பேர் வந்தார்கள். உங்கள் அப்பா பெயரைச் சொல்லி, அவருடைய மகள் நீங்கள்தானா என்று மரியாதையாகக் கேட்டார்கள். உங்கள் ஊரில் அனல் மின் நிலையம் வரப்போகிறது, தோப்பு அதற்குள் வருகிறது, சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வேண்டும் என்றார்கள். நான் என் கடை வாசலில் நின்று ஒளிந்துகொள்ளாமலேயே கேட்டுக்கொண்டிருந்தேன். அப்பா இறந்து பல வருஷம் ஆகியும் பட்டா அவர் பேரிலேயே இருந்தது. உங்கள் அண்ணன் அனுபவித்து வந்தார். கல்யாணத்தில் நகை போட்டாகிவிட்டது, இனி உனக்கு இங்கே ஒன்றுமில்லை என்று உங்களிடம் சொல்லியிருந்தார்கள். நீங்களும் அதைக் கேள்வி கேட்டதில்லை. அன்றைக்கு அந்த இரண்டு பேரிடம் ஒன்றே ஒன்று கேட்டீர்கள்: என் பங்கு அதில் இருக்கிறதா? சட்டப்படி இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தோம் என்றார் அவர்களில் மூத்தவர்.

அப்போது உங்கள் முகத்தில் ஒன்று வந்தது. கோபமா சந்தோஷமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பிவிட்டு, மாவு அள்ளிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டு வாரம் கழித்து உங்கள் அண்ணன் வந்தார். உங்கள் கணவரின் சாவுக்கு வந்தவர், அதற்குப் பிறகு அன்றுதான் வருகிறார். ஊர் முழுக்க எதிர்க்கிறது என்றார். கிராம சபையில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள், பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து அளக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். தோப்பு போனால் சாம்பல் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது என்று கேட்டார். கம்பெனிக்காரர்கள் வெளியூரில் இருக்கும் வாரிசுகளைத் தேடிப் போய்க் கையெழுத்து வாங்குகிறார்கள், நீ போட்டுவிடாதே என்றார்.

நீங்கள் காபி டம்ளரை அவரிடம் நீட்டிவிட்டுக் கேட்டீர்கள். "கையெழுத்துப் போடாதன்னு கேக்க வந்தியாண்ணே, இல்ல அது என் நெலமும்தான்னு சொல்ல வந்தியா?"

"ரெண்டும் ஒண்ணுதான."

"ஒண்ணு இல்ல."

அவர் காபியைக் குடித்தார். டம்ளரை வைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

நான் விடவில்லை. நல்ல விலை தருகிறார்களே, அந்த ஊரையும் உங்களுக்குப் பிடிக்காது, பிறகு என்ன தயக்கம் என்று கேட்டேன். நீங்கள் கையைக் கழுவிக்கொண்டே சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அவங்களுக்கும் என் கைதான் வேணும். எங்கண்ணனுக்கும் என் கைதான் வேணும். நான் யாருக்கும் வேணாம் பாத்தியா ஸ்டெல்லா."

அதோடு நிறுத்தியிருந்தால் நீங்கள் நீங்கள் இல்லை. உங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்குக் கட்டிக்கொடுத்த பெண்கள் இங்கே எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களிடமும் அந்தக் கார் போயிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றியது. மின் நிலையத்துக்காக அதிகாரிகள் நடத்தப்போகும் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஒரு வேன் பிடித்து அவர்களையும் கூட்டிப் போவதென்று முடிவு செய்தீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாவுக் கடையை மதியத்தோடு மூடிவிட்டு அவர்களைத் தேடிப் புறப்பட்டீர்கள். நானும் ஒட்டிக்கொண்டேன். எனக்கு அந்த ஊரோடு ஒரு சம்பந்தமும் இல்லை. இவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை மட்டும்தான்.

ஈஜிபுராவில் வசந்தா வீட்டைக் கண்டுபிடிக்க நாம் சுற்றிய சந்துகள்! மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தார். கையெழுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மகனுக்குக் கிட்னி பிரச்சினை. நீங்கள் திட்டுவீர்கள் என்று அவர் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன், நானும்தான் எதிர்பார்த்தேன். நீங்கள் மகனுக்கு எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து என்று விசாரித்தீர்கள். கிளம்பும்போதுதான் சொன்னீர்கள். "உனக்கு வேணும்னா போடு வசந்தா. ஆனா எதக் குடுக்குறோம்னு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போடு."

அத்திபெலேயில் பூக்கடை வைத்திருந்த செல்வி வேறு மாதிரி. வாடிக்கையாளர்களிடம் கன்னடத்தில் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், ஊர்ப் பெயரைக் கேட்டதும் முகத்தைச் சுளித்தார். புருஷன் அடித்த அடியில் அம்மா வீட்டுக்குப் போனபோது, இரண்டாம் நாளே திருப்பி அனுப்பிய ஊர் அது என்றார். "அந்த ஊரு எரிஞ்சா எனக்கென்ன?" நீங்கள் மறுத்துப் பேசவில்லை. உங்களையும் அப்படித்தான் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள் என்று சொன்னீர்கள். அத்தனை வருஷம் பக்கத்துக் கடையில் இருந்தும் எனக்கு அது அன்றுதான் தெரியும். செல்வி வெகுநேரம் பூக்கட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, வேன் எங்கிருந்து புறப்படும் என்று கேட்டார்.

கருத்துக் கேட்புக் கூட்டம் உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது. வாசலெல்லாம் போலீஸ். வேனில் வந்த நாம் எல்லோரும் பின்வரிசையில் உட்கார்ந்தோம். வசந்தாவும் வந்திருந்தார், ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டதாக வழியில் என்னிடம் மட்டும் சொன்னார். போட்ட பிறகு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "போட்டுட்டா பாக்கக் கூடாதா?" என்றார். 

ஆண்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். தண்ணீர், சாம்பல், மீன், முந்திரி. உங்கள் முறை வந்து நீங்கள் மைக்குக்குப் போனதும் முன்வரிசையிலிருந்து ஒரு குரல், இவர்கள் வெளியூர், பெங்களூரிலிருந்து வண்டி வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள், பேச விடக் கூடாது என்றது. இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். மேடையிலிருந்த அதிகாரி, நீங்கள் இந்தக் கிராமத்தில் வசிக்கிறீர்களா என்று கேட்டார். நீங்கள் மைக்கைப் பிடித்தபடி அப்படியே நின்றீர்கள். பதில் உங்களுக்குத் தெரியாமல் இல்லை. நீங்கள் வேறு யாரோ பேசுவதற்காகக் காத்திருந்தீர்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் அண்ணன் எழுந்தார். மைக் அவரிடம் இல்லை. ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"அவ வெளியூரு இல்ல சார். என் தங்கச்சி. எங்கப்பன் நெலத்துல எனக்கு எவ்ளோ பாத்தியதையோ அவ்ளோ அவளுக்கும் இருக்கு."

அதன் பிறகு நீங்கள் பேசினீர்கள், ரொம்பக் கொஞ்சமாக. "நாங்க ஊர வுட்டு ஓடிப் போகல. நீங்கதான் கட்டிக் குடுத்து அனுப்பினீங்க. அனுப்புனதோட எங்க பாத்தியதை போயிடல, அது கம்பெனிக்காரங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்குக் குடுக்க விருப்பமில்ல. எழுதிக்குங்க." உங்களுக்குப் பின்னால் செல்வி வந்து நின்றார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். கடைசியாக வசந்தாவும் வந்து நின்றார்.

திரும்பும் வழியில், உங்கள் அண்ணன் அதை மனதாரச் சொன்னாரா, இல்லை கூட்டத்துக்குத் தேவைப்பட்டதால் சொன்னாரா என்று கேட்டேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தீர்கள். "எதுக்குச் சொன்னா என்ன? ஊரு கேட்டுச்சில்ல" என்றீர்கள். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டீர்கள்.

மின் நிலையத்தை எதிர்த்து ஊர் போட்ட வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. கடைசியில் கம்பெனி அந்த இடத்தை விட்டுவிட்டுப் போனது. வழக்கினாலா, ரோட்டில் உட்கார்ந்த பெண்களாலா, அவர்களுடைய பணக் கணக்கே மாறிவிட்டதாலா, யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வசந்தாவின் நிலம் மட்டும் திரும்பவில்லை. அது இன்னும் கம்பெனி பேரில் முள் மண்டிக் கிடக்கிறது. அவருடைய மகன் பிழைத்துக்கொண்டான். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே உங்கள் அண்ணன் உங்களைத் தாலுகா ஆபீசுக்கு வரச் சொன்னார், பாகம் பிரித்தார்கள். உங்கள் பங்கில் பயிர் வைக்கவோ வீடு கட்டவோ நீங்கள் போகவில்லை. கடைசியில் நெஞ்சு வலி வந்து படுத்திருந்தபோதும், ஊருக்குத் தூக்கிப் போக வேண்டாம், இங்கேயே எரித்துவிடுங்கள் என்றுதான் உங்கள் மகள் கவிதாவிடம் சொன்னீர்கள். அப்படித்தான் செய்தாள். அவளுக்கு அந்த நிலத்தைப் பற்றி எப்போதுமே பெரிய அக்கறை இருந்ததில்லை. அம்மாவின் பிடிவாதம் என்று அதற்கு ஒரு பேர் வைத்திருந்தாள்.

போன மாதம் உங்கள் அண்ணன் கவிதாவையும் என்னையும் ஊருக்குக் கூப்பிட்டார். கவிதாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் மட்டும் போனேன். கூட்டத்தன்று அவசரத்தில் தோப்பைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஒரு குறையாகவே இருந்தது. தோப்பில் உழவு ஓட்டப் போவதாகச் சொல்லி டிராக்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டார். தோப்பு தொடங்கும் இடத்தில், ரோட்டோரத்திலேயே வண்டியை நிறுத்தினார். மரங்கள் உள்ளே தள்ளி இருந்தன. எங்களுக்கு முன்னால் இருந்தது நீளவாக்கில் ஒரு வெறும் மணல் துண்டு.

அதுதான் உங்கள் பங்கு என்றார். உள்ளே நல்ல மரங்கள் இருக்கும் பக்கமாக எடுத்துக்கொள் என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். நீங்கள் ரோட்டை ஒட்டிய இந்த வெற்றுத் துண்டைக் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். கிறுக்கா என்று நினைத்தாராம். அப்புறம்தான் புரிந்திருக்கிறது, இதைத் தாண்டாமல் கம்பெனி வண்டியும் உள்ளே போக முடியாது, அவருடைய டிராக்டரும் போக முடியாது. வருஷா வருஷம் உழவுக்கு முன்னால் உங்களுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் ஓட்டுவாராம்.

"என்ன சொல்வாங்க?" என்று கேட்டேன்.

"'போண்ணே'ன்னு சொல்லும். அவ்ளோதான். கேக்காம போனா ரெண்டு மாசம் பேசாது." பிறகு அந்த மணலைப் பார்த்துக்கொண்டே, "இப்ப யாரக் கேக்குறதுன்னு தெரியலம்மா" என்றார்.

நான் கவிதாவின் நம்பரைப் போட்டு அவரிடம் கொடுத்தேன். ஆபீசில் இருந்தாள். யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பதறினாள். டிராக்டர் உள்ளே போக வேண்டும், உன்னிடம் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றார்.

"எங்கிட்ட எதுக்கு மாமா கேக்குறீங்க?"

"உன் நெலம்மா அது."

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அவள் குரல் வந்தது. அது எவ்வளவு அகலம் மாமா என்று கேட்டாள். அதில் மரம் ஏதாவது இருக்கிறதா, பக்கத்து நிலம் யாருடையது, அம்மா வந்தால் எங்கே நிற்பாள் என்று கேட்டுக்கொண்டே போனாள். உங்கள் அண்ணன் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பதில் சொல்ல ஆரம்பித்தார்.

அவள் கேட்டது ஒன்றுவிடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, அக்கா. உங்களிடம் சொல்வதற்காகத்தான் கவனமாகக் கேட்டு வைத்துக்கொண்டேன்.