வண்டு இல்லாத ஹெட்போன்

மச்சான்,

இன்று காலை ஹெட்போனைக் காதில் மாட்டினேன். வண்டு இல்லை. கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். இல்லை. சார்ஜர் சுவரில் செருகியபடியே இருக்கிறது, லப்டொப்பில் விளக்கும் எரிகிறது, அந்த ‘ங்ங்ங்’ இரைச்சலை மட்டும் காணவில்லை. உடனே உனக்குச் சொல்லத்தான் மனம் ஓடியது. விரல் உன் பெயர்வரைக்கும் போய் நின்றுவிட்டது.

லண்டனிலிருந்து வந்தபோது நீ தந்த லப்டொப். அதன் பிளக்குக்கு மூன்று சதுரக் கால், என் வீட்டுச் சுவரில் வட்டத் துளை. நான் யோசிக்கவே இல்லை. பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, பழைய ரேடியோவின் இரண்டு கால் பிளக்கைப் பூட்டினேன். பச்சையும் மஞ்சளுமாய் ஒரு வயர் மிஞ்சியது. வேலை முடிந்தபின் மிஞ்சுவதெல்லாம் தேவையில்லாத சாமான் என்பது என் படிப்பு. மடித்து டேப் சுற்றிவிட்டேன்.

நீ திரும்பிப் போனபின் முதல் ஞாயிறு, உன்னோடு கதைக்கும்போதே வண்டு வந்தது. உனக்குக் கேட்காது, எனக்கு மட்டும். அதைப் பிடிக்க நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு! “ஹெட்போனை மாத்து” என்றாய். மாற்றினேன், புதியதிலும் அதே வண்டு. “துளைக்குள்ள ஊத்தை இருக்கும்” என்றாய். தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்தேன். வண்டு வாசமாக இரைந்தது. ரப்பர் செருப்போடு இருக்கச் சொன்னாய், இருந்தேன். கடைசியில் லப்டொப்பின் அடியிலுள்ள திருகாணியில் விரலை வைத்தால் இரைச்சல் குறைவதைக் கண்டுபிடித்தோம். கையில் எறும்பு ஊருகிற மாதிரி இருக்கும். ஆனாலும் வைத்தபடியே கதைப்பேன்.

“ஆருக்கு நாடி பிடிச்சுப் பாக்கிறீங்கள்?” என்று மனைவி கேட்டாள்.

பிறகொரு நாள் கதையின் நடுவில் கரண்ட் போனது. வண்டும் போனது.

“கள்ளன் சார்ஜர்தான்ரா” என்றாய், ஏதோ நாங்களே பொறிவைத்துப் பிடித்த மாதிரி.

அதற்குப் பிறகு அதுவே எங்கள் முறையாகிவிட்டது. காலையில் பற்றரியை நிரப்பி, சார்ஜரைக் கழற்றிவிட்டு உன்னை அழைப்பேன். கிழட்டுப் பற்றரி அரை மணித்தியாலம் தாங்கும். “முக்கியமான கதை முதல், மீன் விலை பிறகு” என்று நீ சட்டம் போட்டாய். பற்றரி சாகப்போகிறது என்றால், “வண்டு வரப்போகுது, கதையை முடிச்சு வை” என்பாய். வேறு சார்ஜர் இங்கே வாங்கியிருக்கலாம். நீதான் தடுத்தாய். “ஆடிக்கு வரேக்க நான் கொண்டுவாறன், நீ ஒண்டையும் வெட்டாமல் இரு.”

கடைசி ஞாயிறும் சட்டப்படி முக்கியமான கதையைத்தான் முதலில் சொன்னாய்.

“மச்சான், சார்ஜர் வராது. டொக்டர் பயணம் ஏலாதெண்டிட்டார். இனி ஏலாதாம்.”

நான் மீன் விலைக்குத் தாவினேன். ஒவ்வொரு மீனாகச் சொல்லிக்கொண்டே போனேன். அதற்குள் பற்றரி முடிகிற அடையாளம் வந்துவிட்டது. பழக்கத்தில், “வண்டு வரப்போகுது” என்றேன்.

“வரட்டும். வைக்காதை. செருகு.”

“இரைச்சலில கேக்காதடா.”

“லோஞ்சில எஞ்சினுக்குப் பக்கத்தில நிண்டு எத்தினை வருசம் கதைச்சனாங்கள்? அப்ப கேட்டதுதானே. செருகு.”

செருகினேன். வண்டு வந்தது. கண்ணை மூடினால் அது நாங்கள் வேலை செய்த மூதூர் லோஞ்சின், அந்தப் பயணிகள் படகின், எஞ்சின்தான். டிக்கட் கிழித்து முடித்துவிட்டு நீயும் நானும் அதன் பக்கத்தில் நிற்கிறோம், துறைமுகத்தைத் தாண்டியதும் உப்புத் தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. நீ உன் கலியாணக் கதையை எனக்கு மட்டும் இரகசியமாகச் சொல்வதாக நினைத்து, லோஞ்சிலிருந்த சனம் முழுக்கக் கேட்கக் கத்தியது அங்கேதானே. ஒரு மூதூர்க் கிழவர் மாப்பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அதைச் சொல்லிச் சிரித்தோம். உனக்கு இருமல் வந்தது, நின்றது, திரும்பச் சிரித்தாய். நான் கத்திய கத்தலில் சமைத்துக்கொண்டிருந்த மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள், யாரோடு சண்டை என்று பார்க்க. அன்று முதல்முறையாக, பற்றரி அல்ல, நீதான் களைத்து வைத்தாய். அடுத்த ஞாயிறுக்கு நீ இல்லை.

இப்போது மகள் வீட்டிலிருந்தே கொம்பியூட்டர் படிக்கிறாள். நேற்று இந்த லப்டொப்பை எடுத்தவள் சார்ஜர் வயரைத் தூக்கிப் பார்த்தாள். “அப்பா, இதின்ர எர்த்தை, இந்தப் பச்சை மஞ்சள் வயரை, ஆர் வெட்டினது? அது இல்லாட்டி இரையுந்தானே!” நான் கூரையைப் பார்த்தேன். அவளே போய் மூன்று கால் வயர் வாங்கிவந்து செருகினாள். அவ்வளவுதான் மச்சான். நாங்கள் செருப்பும் ஓடிக்கொலோனுமாய்த் தேடியதன் கதை அவ்வளவுதான்.

“இனி விடிய விடியக் கதைக்கலாம் அப்பா” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பிறகு பழைய வயரை எறியாமல் சுற்றி வைத்தாள்.

இன்று காலை, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, அடுத்த அறையிலிருந்து அவளே என்னை அழைத்தாள். காதுக்குள் அவள் மூச்சுக்கூடக் கேட்டது.

“ஏனப்பா கத்துறீங்கள்? இப்ப ஒரு சத்தமும் இல்லைத்தானே?”

“ஓம்” என்றேன். அதையும் கத்தித்தான் சொன்னேன்.